இருபத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் பியானோ: குழு வகுப்பு சரிவருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். சிறுவயதில் நான்காம் கிரேடு (இசைத் தேர்வுகளின் படிநிலை) வரை பியானோ கற்றீர்கள், பள்ளிப் படிப்பு நெருக்கியதும் விட்டுவிட்டீர்கள். இப்போது நாற்பதைத் தொடும் வயதில் மறுபடி தொடங்க ஆசை. எட்டுப் பேர் சேர்ந்து கற்கும் பெரியவர்கள் வகுப்பு ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. தனி ஆசிரியரைத் தேடுவதா, இதில் சேர்வதா என்று யோசிக்கிறீர்கள். மற்றவர்கள் முன்னால் தட்டுத்தடுமாறி வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. உங்களால் அவர்கள் பின்தங்குவார்களோ, அவர்களால் நீங்கள் தேங்கிப்போவீர்களோ என்ற கவலையும் இருக்கிறது.

பெரியவர்களுக்குக் குழுவாகப் பியானோ சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஆகவே என் பதிலில் ஒரு சார்பு இருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள். சேருங்கள் என்பதே என் பதில். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் கூடப் படிக்க ஆள் கிடைப்பது, ஊக்கம், வாராவாரம் போயாக வேண்டிய கட்டாயம். எல்லாம் உண்மைதான். ஆனால் விட்டுவிட்டுத் திரும்பி வருபவருக்குக் குழு தருவதில் நான் முதலிடம் கொடுப்பது வேறொன்றுக்கு: தவறு வந்தாலும் தாளத்தை விடாமல் மேலே போகும் பழக்கம். தனியாகவே வாசித்துக்கொண்டிருந்தால் பல ஆண்டுகள் ஆனாலும் பலருக்கு இது கைகூடுவதில்லை. கையின் நிலையையும் விரலின் இறுக்கத்தையும் சரிசெய்வது மட்டும் குழுவால் முழுமையாக ஆகாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

முதலில், உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம். கற்றதெல்லாம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். போகவில்லை. ஒருமுறை கற்று மறந்ததை மறுபடி கற்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன் நினைவாற்றல் ஆய்வில் காட்டினார். அவர் மனப்பாடம் செய்து பார்த்த பொருளற்ற அசைகளுக்கே அப்படியென்றால், உடம்பில் ஊறிய கை அசைவுகளுக்குக் கேட்கவே வேண்டாம். சைக்கிள் ஓட்டுவது மறப்பதில்லை என்று சொல்வோமே, அதே வகை நினைவு இது.

ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. விரல்கள் பழகிய சில பாடல்களின் முதல் இரண்டு வரிகள் தாமாகவே வரும். மூன்றாம் வரியில் இடக்கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நின்றுவிடும். உயர்ந்த சுரங்களை எழுதும் ட்ரெபிள் கிளெஃப் பெரும்பாலும் சில வாரங்களில் தெளிந்துவிடும். தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிளெஃப் இழுக்கும். வேகம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். காது மட்டும் இந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக நல்ல இசையைக் கேட்டுப் பழகி, பன்னிரண்டு வயதில் இருந்ததைவிட மிகவும் தேர்ந்திருக்கிறது. இங்கேதான் சிக்கல். காது கேட்பதை விரல் தருவதில்லை. சிறுவனுக்கு இந்த இடைவெளி தெரியாது, அவன் வாசித்தது அவனுக்கு அழகாகவே கேட்கும். உங்களுக்கு ஒவ்வொரு பாரிலும் (தாளத்தின் ஒவ்வொரு சுற்றிலும்) தெரியும். திரும்பி வருபவர்கள் முதல் ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போவதற்கு நான் கண்டவரையில் இதுவே பெரிய காரணம். நேரமின்மை இரண்டாம் பட்சம்தான்.

இந்த எரிச்சலில் சிலர் விட்ட இடத்திலிருந்து, அதாவது கடைசியாக வாசித்த கடினமான பாடலிலிருந்தே, தொடங்கப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். அவசரம் கையைப் பழுதாக்கும். ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் 1830களின் தொடக்கத்தில், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், கடும் பயிற்சியின் நடுவே வலக்கை விரலின் இயக்கத்தை இழந்து, மேடைப் பியானோ கலைஞராகும் எண்ணத்தையே கைவிட்டார். காரணம் என்ன என்பதை மருத்துவர்களும் வரலாற்றாசிரியர்களும் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்த வயதில் அந்தத் திறமைக்கே அப்படி நேர முடியும் என்றால், பகலெல்லாம் கணினியில் தட்டச்சு செய்து களைத்த நாற்பது வயது மணிக்கட்டை மெதுவாகத்தான் பழக்க வேண்டும்.

இனி தாளத்துக்கு வருகிறேன். தனியாக வாசிக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒரு சுரம் பிசகும். உடனே கை நிற்கும், பின்னால் போகும், அந்தச் சுரத்தைத் திருத்தும், மறுபடி தொடரும். நாலு பார் தள்ளி இன்னொன்று பிசகும், மறுபடி அதே கதை. இதைத் திருத்தம் என்று நினைக்கிறோம். ஆனால் கை கற்றுக்கொள்வது, அந்த இடம் வந்ததும் நிற்க வேண்டும் என்பதை. ஒரு மாதம் இப்படி வாசித்தால் பாடலோடு சேர்ந்து அந்தத் தடையும் மனப்பாடமாகிவிடும். பிறகு சரியான சுரம் தெரிந்தபின்னும் அந்த இடத்தில் ஒரு தயக்கம் இருக்கும். தனி வகுப்பில் ஆசிரியர் பொறுமையாகக் காத்திருப்பார், நீங்கள் நின்றால் அவரும் நிற்பார். நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் அந்தப் பொறுமையே பழக்கத்தை வளர்த்துவிடுகிறது.

எட்டுப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது யாரும் காத்திருக்க முடியாது. இரண்டாம் பாரில் நீங்கள் பிசகினால், பிசகைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்றவர்கள் நான்காம் பாருக்குப் போயிருப்பார்கள். முதல் சில வாரங்கள் இது திணறடிக்கும். அதன்பின் ஒரு மாற்றம் நடக்கும்: எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவெடுக்கக் கற்றுக்கொள்வீர்கள். கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டில்) மூன்று சுரமும் கிடைக்காவிட்டால் அடிச்சுரம் ஒன்றை மட்டும் போடுவது, வேகமான நான்கு சுரங்களில் முதல் சுரத்தை மட்டும் பிடிப்பது, எல்லாம் கைவிட்டுப் போனால் அடுத்த பாரின் முதல் பீட்டில் இடக்கையால் வந்து சேர்ந்துகொள்வது. அனுபவமுள்ள பக்கவாத்தியக்காரர்கள் செய்வதும் இதுவே. ஒரு சுரம் தவறினால் கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, தாளம் நின்றால் எல்லோருக்கும் தெரியும்.

இதனால் சைட் ரீடிங்கும், அதாவது முன்பு பார்த்திராத இசையைப் பார்த்த உடனே வாசிக்கும் திறனும், வளரும். நோட்டேஷனை (எழுதிய இசைக் குறிப்பை) நன்றாகப் படிப்பவர்களின் கண், கை வாசிக்கும் இடத்தைவிட ஆறேழு சுரம் வரை முன்னால் ஓடுகிறது என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். தடுமாறுபவர்களின் கண் கையை விட்டு அவ்வளவு தூரம் விலகுவதில்லை. நின்று நின்று வாசிப்பவருக்குக் கண்ணை முன்னே அனுப்ப வேண்டிய தேவையே வராது. நிற்க வழியில்லாத இடத்தில்தான் அது ஓடப் பழகும்.

சேர்ந்து வாசிப்பது என்றால் எட்டுப் பேரும் ஒரே சுரத்தை ஒரே நேரத்தில் தட்டுவது என்று எண்ணிவிடாதீர்கள். அப்படி நடக்கும் வகுப்புகளும் உண்டு, அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல ஆசிரியர் ஒரே பாடலைப் பல பங்குகளாகப் பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்கு ஒவ்வொரு பாரின் அடிச்சுரம் மட்டும், இருவருக்குக் கார்டுகள், ஒருவருக்கு மெட்டு, இன்னொருவருக்கு மெட்டுக்கு எதிராக நகரும் இரண்டாவது வரி. அதனால் மற்றவர்களைத் தாமதப்படுத்துவீர்களோ என்ற உங்கள் கவலைக்கு, வகுப்பு சரியாக நடந்தால், இடமிருக்காது. உங்கள் நிலைக்கு ஏற்ற பங்கு உங்களுக்கு வரும், பாடல் எல்லோருக்கும் முழுதாகக் கேட்கும். அடுத்த வாரம் பங்குகளை மாற்றிக்கொள்ளலாம். மெட்டை மட்டுமே வாசித்துப் பழகியவர் அடிச்சுரத்தை வாசிக்கும்போதுதான் அந்தப் பாடல் எதன்மேல் நிற்கிறது என்று அவர் காதுக்குப் புரிகிறது.

இந்த முறைக்கு ஏற்ற இசையும் குறைவின்றி இருக்கிறது. ஒலிப்பதிவு வருவதற்கு முன்னால், பெரிய சிம்பொனிகளை வீட்டில் கேட்க விரும்பியவர்களுக்கு இருந்த முக்கியமான வழி, ஒரே பியானோவில் இருவர் அமர்ந்து வாசிக்கும் நான்கு கை அமைப்பு. இசையமைப்பாளர் பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள் 1869இல் முதலில் வெளிவந்ததும், த்வோர்ஷாக்கின் முதல் தொகுதி ஸ்லாவிய நடனங்கள் 1878இல் வெளிவந்ததும் நான்கு கைப் பாடல்களாகத்தான். அவை உங்களுக்கு இப்போதைக்குக் கடினம். ஆனால் ஆஸ்திரிய இசையமைப்பாளர் அன்டன் டியாபெல்லி தன் 149ஆவது ஓபஸாக (படைப்பு எண்) எழுதிய 28 சிறு டூயட்கள் தொடக்கநிலைக்காரர்களுக்கென்றே ஆனவை. மேல் பகுதியை வாசிப்பவரின் ஒவ்வொரு கையும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே இருக்கும், கையை இடம்மாற்ற வேண்டியதில்லை. கீழ்ப்பகுதி கொஞ்சம் தேர்ந்தவருக்கு. திரும்பி வருபவர் ஒருவரையும் புதிதாகத் தொடங்குபவர் ஒருவரையும் ஒரே இருக்கையில் உட்காரவைக்க இதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தெரியாது. நான் அடிக்கடி எடுப்பதும் இதையே.

குழு வகுப்பு என்பது தனி வகுப்புக்குப் பணமில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. டப்ளினில் வாழ்ந்த இசை ஆசிரியர் யோஹான் பெர்ன்ஹார்ட் லோஜியர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல பியானோக்களை ஒரே அறையில் வைத்து, பல நிலை மாணவர்களை ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க வைத்தார். எளிய மெட்டை ஒருவரும் அதன்மேல் கட்டப்பட்ட கடினமான பகுதிகளை மற்றவர்களும் வாசிப்பார்கள். கையை நிலையாகப் பிடித்துவைக்க 1814இல் அவர் காப்புரிமை பெற்ற சட்டகம் பலத்த விமர்சனத்துக்கு உள்ளாகி வழக்கொழிந்தது, அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அவருடைய குழு முறையோ 1820களில் பிரஷ்ய அரசு அவரை பெர்லினுக்கு வரவழைக்கும் அளவுக்கு மதிக்கப்பட்டது. இசையமைப்பாளர் மெண்டல்சன் 1843இல் நிறுவிய லைப்சிக் இசைக் கல்லூரியில் பியானோவைச் சிறு வகுப்புகளாகத்தான் கற்பித்தார்கள். ஜெர்மனியின் வைமரில் பியானோ மேதை லிஸ்ட் தன் மாணவர்களை ஒருவர் முன்னிலையில் மற்றவர் வாசிக்கவைத்தே சொல்லிக்கொடுத்தார், இன்றைய மாஸ்டர் கிளாஸ் அங்கிருந்து வந்தது. ஒருவருக்குச் சொன்ன திருத்தம் அறையில் இருந்த எல்லோருக்கும் பயன்பட்டது.

இன்றைய குழு வகுப்புகள் பெரும்பாலும் டிஜிட்டல் பியானோக்களும் ஹெட்போன்களும் கொண்டவை. ஆசிரியரின் மேசையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அவர் யாருடைய வாசிப்பை வேண்டுமானாலும் மற்றவர் அறியாமல் கேட்கலாம், பேசலாம், இருவரை இணைத்து டூயட் வாசிக்கவைக்கலாம். கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் வகுப்பு நேரம் முழுக்க எல்லோரும் ஹெட்போனுக்குள் தனித்தனியாக இருந்து, ஆசிரியர் ஆளுக்கு ஐந்து நிமிடம் வந்து போனால் அதைக் குழு வகுப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனிப் பயிற்சியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சேர்ந்து வாசிக்கும் நேரம் வகுப்பில் பாதியாவது இருக்க வேண்டும்.

இணையவழிக் குழு வகுப்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேர்ந்து வாசிப்பவர்களுக்கு இடையே ஒலி 25 முதல் 30 மில்லிநொடிக்கு மேல் தாமதமானால் தாளம் தளரத் தொடங்கும். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் அதைவிடப் பல மடங்கு. ஆகவே அங்கே எல்லோரும் ஒலியை அணைத்துவிட்டு ஆசிரியரோடு மட்டும் சேர்ந்து வாசிப்பார்கள். தியரி (இசைக் கோட்பாடு) கற்க, மற்றவர் வாசிப்பதைக் கேட்க அது போதும். நான் மேலே சொன்ன பயன் அதில் கிடைக்காது. நேரில் போக வழியிருந்தால் நேரிலேயே போங்கள்.

இப்போது குழுவால் ஆகாதது. எட்டு ஜோடிக் கைகளை ஒருவரால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. தோள் மேலே ஏறியிருப்பது, கட்டைவிரல் இறுகியிருப்பது, சுண்டுவிரலுக்கு உதவ முழங்கை வெளியே விலகுவது எல்லாம் ஒலியில் உடனே தெரிவதில்லை, கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். குழுவின் தாளத்தோடு ஓட முயலும்போது இந்த இறுக்கம் கூடவும் செய்யும். உங்களுக்குச் சிறுவயதிலேயே பதிந்த பழைய பழக்கங்களும் இருக்கும், புதியவரைவிட உங்களுக்குத்தான் இவை ஆபத்து. அதனால் குழுவில் சேர்ந்தாலும் மாதம் ஒருமுறையாவது தனியாக ஓர் ஆசிரியரிடம் கையைக் காட்டுங்கள். அதே ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது. அந்த அமர்வில் புதுப் பாடல் எதுவும் கேட்காதீர்கள், குழுவில் வாசிப்பதையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்படி வாசியுங்கள்.

அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி இருக்கையின் உயரம் இருக்கட்டும். பலர் தாழ்வாக உட்கார்கிறார்கள், மணிக்கட்டு வலிக்குப் பாதிக் காரணம் அதுவே. முதுகு இருக்கையில் சாயாமல், இருக்கையின் முன்பாதியில் அமருங்கள். களைப்பு வேறு, வலி வேறு. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மரத்துப்போவதோ குத்தலோ தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள், வாசித்து வாசித்தே சரியாகும் என்று விட்டுவைக்காதீர்கள்.

கூச்சம் பற்றி. இதை நான் இலேசாகச் சொல்லவில்லை. வேலையிடத்தில் பத்துப் பேருக்கு வழிகாட்டும் ஒருவர், ஒரு எளிய மெட்டை மற்றவர் முன்னால் வாசிக்கும்போது கை நடுங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். தேர்ந்த ஒருவருக்குத் தொடக்கநிலையில் நிற்பது உண்மையிலேயே கடினம். நல்ல குழுவில் இது கரைவதற்குக் காரணம், மற்றவர்களும் அதே நிலையில் இருப்பதோடு, கேட்பதற்கும் அங்கே வேலை கொடுக்கப்படுவது. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்களிடம் ஆசிரியர் குறிப்பாக ஒன்றைக் கேட்கச் சொல்வார்: இரண்டாம் வரியில் ஒலி எங்கே மென்மையாகிறது, பெடல் எங்கே கலங்குகிறது, எந்த பாரில் வேகம் கூடுகிறது. அப்படிக் கேட்பவர் உங்களை எடைபோட்டுக்கொண்டிருக்க மாட்டார், தன் பாடலில் அதே இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார். நீங்களும் அப்படிக் கேட்டுப் பழகுவீர்கள்.

குழுவில் உங்களுக்குச் சங்கடம் தரக்கூடிய ஒருவர் நிச்சயம் இருப்பார்: நோட்டேஷனே தெரியாமல் காதால் கேட்டு எதையும் வாசிப்பவர். அவர் அருகில் உட்காருங்கள். அவருக்கு நோட்டேஷனைப் படிக்கத் தெரியாது, உங்களுக்கு நோட்டேஷன் இல்லாமல் வாசிக்கத் தெரியாது. கிரேடு தேர்வுகளின் வழியில் வந்த பலருக்கு, ஒரு மெட்டைக் கொடுத்து அதற்கு மூன்று கார்டுகளைத் தேடிப் போடச் சொன்னால் கை ஓடாது. அந்தக் குறையை நிரப்ப இவரைவிட நல்ல துணை கிடைக்காது.

சேர்வதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு வகுப்பைத் தேடுங்கள். பார்க்கும்போது ஆசிரியர் பேசும் நேரத்தையும் மாணவர்களின் கை கட்டையில் இருக்கும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். நாலு முதல் எட்டுப் பேர் நல்ல அளவு. பன்னிரண்டைத் தாண்டினால் ஆசிரியர் எவ்வளவு திறமையானவரானாலும் ஒருவரின் வாசிப்பைக் கேட்டுத் திருத்த நேரம் போதாது. முழுப் புதியவர்களும் மூன்று நான்கு கிரேடு படித்தவர்களும் ஒரே வகுப்பில் இருந்தால் பங்குகள் பிரித்துக் கொடுக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். பிரிக்கப்படவில்லை என்றால், தேங்கிப்போவேனோ என்ற உங்கள் பயம் உண்மையாகிவிடும். ஒரு வாரம் வர முடியாவிட்டால் என்ன ஏற்பாடு என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு அது கட்டாயம் நேரும், ஒரு வாரம் விட்டவர் வெட்கப்பட்டு அடுத்த வாரமும் வராமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுப் பயிற்சிக்கு நாளுக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் வாரத்தில் ஐந்து நாளாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்கார்வது அதற்கு ஈடாகாது. கை கற்றதை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்துகிறது. பயிற்சிக்கும் பயிற்சிக்கும் இடையே ஓர் இரவு வந்தால் அந்த உதவி கிடைக்கும். இருபது நிமிடத்தையும் ஒரே பாடலில் செலவிடாமல், இரண்டு மூன்று சிறு பகுதிகளை மாற்றி மாற்றி எடுங்கள். அன்றைக்கு மெதுவாக முன்னேறுவதுபோல் தோன்றும், மறுநாள் கையில் நிற்பது அதுதான். கடினமான இடங்களைத் தனியே எடுத்து மெதுவாகத் திருத்துங்கள். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமைப் போட்டு, வகுப்பில் வாசிப்பதுபோல், என்ன நடந்தாலும் நிற்காமல் ஒருமுறை முழுதாக வாசியுங்கள். திருத்தும் வாசிப்பையும் ஓடும் வாசிப்பையும் கலக்காதீர்கள். வீட்டில் கருவி இல்லையென்றால் 88 கட்டைகளும் எடை கொண்ட அழுத்தமும் உள்ள டிஜிட்டல் பியானோ ஒன்று போதும். எடையில்லாத கீபோர்டில் பழகினால் மென்மையும் அழுத்தமும் கைக்கு வராது.

முதல் வகுப்புக்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்துகொள்ளுங்கள். பழைய கிரேடை ஆசிரியரிடம் சொன்னால் அவர் உங்களைத் தவறான இடத்தில் வைக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கிரேடுக்கு நீங்கள் மூன்று பாடல்களை மாதக்கணக்கில் தயாரித்திருப்பீர்கள், இன்றைய நிலையை அது காட்டாது. நீங்கள் இதுவரை பார்த்திராத முதல் கிரேடு அளவிலான பக்கம் ஒன்றை எடுங்கள். மெட்ரோனோமை 60இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வைத்து, இரண்டு கையும் சேர்த்து, நிற்காமல் வாசியுங்கள். முக்கால்வாசி சுரங்கள் கிடைத்து, தாளமும் விடவில்லையென்றால் இரண்டாம் கிரேடு பக்கம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் கைகளைத் தனித்தனியாக வாசித்து, எந்தக் கை தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாளம் அறுந்த அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், இதுவரை வருகிறது, இந்த பாரிலிருந்து வரவில்லை என்று ஆசிரியரிடம் காட்டுங்கள். எந்தப் பங்கை உங்களுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய அவருக்கு அதுவே போதும்.